அழிய மறுத்த புகார்கள்

“அழிக்க முடியலைன்னு வருது சார்” என்றான் அஃப்தாப்.

வேதசிரோமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது. ஐந்து மணிக்குப் பொதுக்குழு. நான்கு வருடம் வகித்த செயலாளர் பதவியை அவர் இன்று ஒப்படைக்க வேண்டும். கூடவே, குடியிருப்போர் சங்க அறையில் இருக்கும் இந்தக் கம்ப்யூட்டரையும்.

“மறுபடி அழிப்பா. இருக்கிறதை எல்லாம் அழிச்சிட்டு விண்டோஸைப் புதுசா ஏத்து. அஞ்சுக்குள்ள பளிச்சுனு வரணும்.”

“அதத்தான் சார் பண்ணிகினு கீறேன்.” தாம்பரம் மார்க்கெட் கடையிலிருந்து வந்தவன் அவன். கொண்டுவந்த பென்டிரைவைச் செருகி, ஒரு மணி நேரமாகப் போராடுகிறான். “டிஸ்க் வேலையில கீதாம். இப்போ அழிக்கக் கூடாதாம்.”

“யார் சொல்றது?”

“அதுவேதான் சொல்லுது.”

வாசலில் யாரோ சிரித்தார்கள். புதிய செயலாளர் ஹேமாவதி. முடிச்சூரின் அந்த நாற்பத்தெட்டு வீட்டுக் குடியிருப்பில், வேதசிரோமணியை எதிர்த்து நின்று ஜெயித்த முதல் ஆள்.

“பரவாயில்லையே, கம்ப்யூட்டருக்காவது மனசாட்சி இருக்கு. தம்பி, அழிக்காதீங்க. எங்க புகாரெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. எங்க பாத்ரூம் சீலிங் ஒழுகுதுன்னு மட்டும் பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் சார் எனக்கு எதிர்ல உட்கார்ந்து டைப் அடிச்சு ஏத்தினார்.”

“அடிச்சேன். இல்லேங்கலையே” என்றார் வேதசிரோமணி. “ஒப்படைக்கும்போது சுத்தமா ஒப்படைக்கணும்மா. அதுதான் மரியாதை.”

“சுத்தமாவா, தடயமில்லாமலா?”

அஃப்தாப் காதில் விழாதவன்போல் இருந்தான். கறுப்புத் திரையில் ஏதோ கட்டளை அடித்தான். அதே பிழை. அணைத்துப் போட்டான். அதே பிழை.

“வைரஸா?” என்றார் வேதசிரோமணி.

“இல்ல சார். டிஸ்க்குக்குப் பூட்டு போட்டுக் கீதோன்னு பாத்தேன், அதுவும் இல்ல. முப்பத்திரண்டு ஜிபி டிஸ்க்கு, அதுக்கு இம்மாம் பேஜாரு. யாரு சார் இவ்ளோ குட்டி டிஸ்க்கைப் போட்டுக் குடுத்தது?”

“பில்டர். சாவி கொடுத்த அன்னிக்கு மேடையில மாலை போட்டுக் கொடுத்தார்.”

“நாலு வருஷப் புகார் அதுல அடங்கியிருக்குன்னா, சார் சுருக்கமாத்தான் எழுதியிருப்பார்” என்றாள் ஹேமாவதி.

நான்கு இருபது. கீழே கார் நிறுத்துமிடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. வேதசிரோமணியின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“அடிச்சு உடைச்சாவது அழிப்பா!”

ஹேமாவதி செல்போனை உயர்த்திப் பிடித்தாள். “சார், அதை இன்னொரு தடவை சொல்லுங்க. சரியா பதிவாகலை. பொதுக்குழுவுல போட்டுக் காட்டணும்.”

“கேபிள் எதுனா லூசான்னு பாத்துடறேன்” என்று அஃப்தாப் கம்ப்யூட்டரை அணைத்தான். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான்.

உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தான். பிறகு தன் பென்டிரைவை உருவி, அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தான். முப்பத்திரண்டு ஜிபி. நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“சார், இவ்ளோ நேரம் நான் அழிக்கப் பாத்தது என் பென்டிரைவை. கம்ப்யூட்டரே அதுலதான் ஓடிகினு இருந்துச்சு. அதான் அழிக்க உடல.”

“அப்போ எங்க டிஸ்க்?” என்றாள் ஹேமாவதி.

“டிஸ்க்கே இல்லக்கா.”

அவள் வேதசிரோமணி பக்கம் பாய்ந்தாள். “கழட்டிட்டீங்களா? எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

“சார் மேல கோச்சுக்காதக்கா. மாட்டுற எடத்துல ஒரு ஸ்க்ரூ ஏறின தடம்கூட இல்ல. கேபிள்ல கம்பெனிக்காரன் போட்ட கட்டே பிரிக்கல. இதுல எந்தக் காலத்துலயும் டிஸ்க் இருந்ததில்ல.”

செல்போனைப் பிடித்திருந்த ஹேமாவதியின் கை தானாகக் கீழே இறங்கியது. “அப்போ நாலு வருஷமா எதுல சார் டைப் அடிச்சீங்க?”

வேதசிரோமணி நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முதல் நாள்லேருந்தே கறுப்பா ஒரு திரை, அதுல ஒரு வரி இங்கிலீஷ், அவ்வளவுதான்மா வரும். இன்னிக்காவது உயிர் வந்துடும்னுதான் இவனைக் கூப்பிட்டேன்” என்றவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். “ஆனா ஒண்ணு, டைப் அடிக்கிற சத்தம் கேட்டதுமே நீங்க எல்லாரும் திருப்தியா வீட்டுக்குப் போயிட்டீங்க.”