மூன்றாம் வகைக் கையெழுத்து

பச்சை டிக் விழுந்திருந்தது.

மணவிலக்கு உடன்படிக்கையின் கடைசிப் பக்கம். அவள் பெயருக்குப் பக்கத்தில்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தான். பச்சைதான். நாமக்கல்லில் உள்ள அத்தனை வேப்பமரமும் சேர்ந்து துளிர்த்தாலும் அவ்வளவு பச்சை வராது.

டிஜிட்டல் கையெழுத்து வாங்கிக் கொடுப்பதுதான் அவன் தொழில். லாரி முதலாளி, கோழிப்பண்ணைக்காரர், ஆடிட்டர் என்று மாவட்டத்தில் அவன் கை படாத கையெழுத்தே கிடையாது. எமதர்மன் டெண்டர் போடுவதானாலும் அவன் கடைப்படி ஏறித்தான் ஆக வேண்டும்.

வேறொருவன் என்றால் பார்த்தவுடன் அழுது தொலைத்திருப்பான். இவன் அது எந்த வகை என்று ஆராய்ந்தான்.

கையெழுத்தைப் படம் பிடித்து ஒட்டுவது ஒரு வகை. யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

அது இல்லை.

போனுக்கு ஓடிபி வரவழைத்துப் போடுவது இன்னொரு வகை. அவள் அண்ணன் போனைப் பிடுங்கிப் போட்டிருப்பான். செய்யக்கூடிய ஆள்தான்.

அதுவும் இல்லை.

டோக்கன்.

பென்டிரைவ் மாதிரி இருக்கும். செருகி, கடவுச்சொல் அடித்துப் போட வேண்டும். போட்டவர் பிற்பாடு ‘நான் போடவில்லை’ என்று சொல்லவே முடியாது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் ஆயிரம் டோக்கன் விற்றிருக்கிறான். ஆடிட்டரான அவளுக்கும் அவன்தான் வாங்கிக் கொடுத்தான். கல்யாணமான புதிதில்.

பத்திரத்தில் ஒரே ஒரு புள்ளியைச் சேர்த்துப் பார்த்தான். பச்சை போய்ச் சிவப்பு வந்தது. கையெழுத்து செல்லாது என்றது.

அப்பாடா என்றிருந்தது.

புள்ளியை எடுத்தான். பச்சை.

வைத்தான். சிவப்பு.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் இப்படியே போயிற்று. பிறகு போன் போட்டான்.

“டோக்கனை உங்க அண்ணன்கிட்டக் குடுத்திருந்தியா?”

“நீங்கதான சொன்னீங்க, பெத்த அப்பனே கேட்டாலும் குடுக்காதேன்னு.”

அவன் புள்ளியை இன்னொரு தடவை வைத்து எடுத்தான்.

“சீக்கிரம் போட்டு அனுப்பிருங்க. வக்கீல் கேட்டுட்டே இருக்கறாரு.”

தன் டோக்கனைச் செருகினான்.

காலாவதி.

ஊருக்கெல்லாம் போன் போட்டு நினைவூட்டிப் புதுப்பித்துக் கொடுத்த மகாராஜன், தன்னுடையதைக் கோட்டை விட்டிருந்தான்.

புதுப்பிப்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. கேமராவைப் பார்த்துப் பெயரைச் சொல்ல வேண்டும். சொந்த விருப்பத்தில் விண்ணப்பிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எண்பது வயதுக் கிழவர்களைக்கூட ஒரே தடவையில் சொல்ல வைத்தவன் அவன்.

பொத்தானை அழுத்தினான். பெயரைச் சொன்னான்.

“என் சொந்த விருப்பத்தில்...”

‘முகம் தெளிவாக இல்லை. மீண்டும் எடுக்கவும்’ என்றது திரை.

சட்டை நுனியை எடுத்துக் கேமராவைத் துடைத்தான்.

ஏழாவது தடவையாக.