மூன்றாம் பக்கத்துக் கொடி

2019 ஜூலை 6, சனிக்கிழமை, முற்பகல் 11.12. வானில் மேகமில்லை, வெப்பம் இருபத்தாறு பாகை. கீழ்க்காற்று மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராச் செம்மண்ணை வாரி அனுமதிச் சன்னலின் கண்ணாடியில் இறைத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சன்னலின் முன் ப்ரோன்வின் மூன்றாம் முறையாக வந்து நின்றாள். இரும்புச் சுரங்கத்தின் ரயில் பாதையை ஒட்டிய சாலையில் போக அனுமதி கிடைத்தால், இருட்டுவதற்குள் பள்ளத்தாக்கு முகாமை அடைந்துவிடலாம். வேறு வழி முன்னூறு கிலோமீட்டர் சுற்று. மாலைக்குள் சேராவிட்டால் முன்பதிவு செய்த இடமும் போய்விடும்.

சன்னல் பன்னிரண்டு மணிக்கு மூடப்படும். போன ஆண்டும் குடும்பப் பயணம் இதே இடத்தில்தான் நின்றது.

"உபரி டயர் ரெண்டு காட்டிட்டேன். தண்ணி அறுபது லிட்டர் காட்டிட்டேன். இப்ப என்ன குறை?"

கண்ணாடிக்கு அப்பால், ஆரஞ்சு மேலங்கி அணிந்த அதிகாரி படிவத்தின் மேல் விரலை வரிவரியாக நகர்த்தினார். "கொடி."

"என்ன கொடி?"

"நாலு மீட்டர் கம்பத்துல ஆரஞ்சுக் கொடி. எங்க லாரி டிரைவர் மாடி உயரத்துல உட்கார்ந்திருப்பார். அவருக்கு உங்க வண்டி எறும்பு."

"இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாமே?"

"மூணாம் பக்கத்துல இருக்கு. நீங்க முதல் பக்கத்தையே படிக்கலை."

மூத்த மகள் டெஸ் தாயின் கையைப் பற்றி இழுத்தாள். "விடும்மா. இவர்கிட்ட வாதாடி ஜெயிச்சவங்க இந்தச் சுரங்கத்துலயே கிடையாது."

இளையவள் மார்னி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஒன்பது வயதுக்குரிய சிரத்தையுடன், கடந்து சென்ற சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணி முடித்திருந்தாள்: இருநூற்றுப் பதினெட்டு.

வாகன நிறுத்தத்தில் நின்ற மெக்கானிக் ஒருவரிடம் ப்ரோன்வின் கொடிக்கம்பம் இரவல் கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். "பெத்த தாயே வந்தாலும் கொடி எங்கேன்னுதான் கேட்பான் அவன். எடுத்துட்டுப் போங்க, திரும்பி வர்றப்ப குடுங்க."

கூடாரக் கயிற்றால் கம்பத்தை முன்பம்பரில் இறுகக் கட்டிவிட்டு வந்தபோது மணி 11.41.

"பாதுகாப்புப் படம் பார்த்தீங்களா?"

"போன வருஷம் பார்த்தேன். அதுக்கு முந்தின வருஷமும் பார்த்தேன். தலைகீழா ஒப்பிக்கட்டுமா?"

"ஒரு வருஷத்துக்குத்தான் அது செல்லும். பதிமூணு நிமிஷம்தான். பாருங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். வண்டியின் பனிப்பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. இன்றைக்குச் சுடாவிட்டால் ஆட்டு இறைச்சி அத்தனையும் ஈக்களுக்கு விருந்து.

மணி 11.55.

"பயணிகள் நாலு பேர்னு எழுதியிருக்கீங்க. எனக்கு மூணு பேர்தான் தெரியறாங்க."

"நாலாவது ஆள் வேலையில இருக்கார். வந்துருவார்."

"எப்ப?"

"அதைத்தான் பதினோரு வருஷமா நானும் கேட்டுட்டிருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. "மூணுன்னு திருத்தட்டுமா?"

"திருத்தினீங்கன்னா அந்தப் படிவத்தைக் கிழிச்சுப் போட்டுருவேன். என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் எனக்கு யாரையும் தெரியாது."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். படிவத்தை மீண்டும் ஒருமுறை, முதல் வரியிலிருந்து, படித்தார். 11.59க்குக் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, மை காயும்வரை ஊதினார். "மூடப்பட்டது" என்ற பலகையைச் சன்னலில் தொங்கவிட்டார்.

ப்ரோன்வின் கண்ணாடியை ஓங்கித் தட்டக் கையை உயர்த்தியபோது பக்கத்துக் கதவு திறந்தது. மேலங்கியைக் கழற்றிவிட்டு, தோளில் துணிப்பையுடன் வெளியே வந்த அதிகாரி அனுமதித் தாளை அவளிடம் நீட்டினார்.

வண்டிக்குள்ளிருந்து மார்னி கத்தினாள்:

"அப்பா, சீக்கிரம் ஏறு!"