அட்டைப்படச் சிரிப்பு

மேசையில் அவள் அறைந்த அறையில், ஆசிரியரின் தேநீர்க் கோப்பை ஒரு குதி குதித்து அடங்கியது.

அறைந்தது அவருடைய பத்திரிகையைத்தான். தனியார் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோருக்கென்றே வரும் மாத இதழ். இது மாணவர் சேர்க்கைச் சிறப்பிதழ். அட்டையில், ஊரிலேயே பெரிய பள்ளியின் வாசலில், வாயெல்லாம் பல்லாக அவள் மகள்.

கீழே கொட்டை எழுத்தில்: ‘கனவுப் பள்ளியில் இடம் கிடைத்த களிப்பு!’

இடமாவது, கிடைத்ததாவது! நேர்முகத் தேர்வில் கேட்ட ஒரு கேள்விக்கும் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. உதட்டைப் பிதுக்கி அனுப்பிவிட்டார்கள்.

அந்த இடத்துக்காக அவள் பட்டது நாய் படாத பாடு. சோறு ஊட்டும்போது கோள்களின் பெயர், தலை வாரும்போது வாய்பாடு, தூக்கத்தில் பிள்ளை புரண்டு படுத்தால் அதற்கும் ஒரு கேள்வி. அத்தனையும் ஆற்றில் கரைத்த புளி.

இப்போதோ, அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள்கூட இனிப்பு எங்கே என்கிறார்கள். “எங்ககிட்டயே மறைச்சிட்டீங்களே அண்ணி” என்று நாத்தனார் போனில் மூக்கைச் சிந்துகிறாள். கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அவளுக்கு நாக்கே வறண்டுவிட்டது.

ஆசிரியர் புகைப்படக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து தலையைச் சொறிந்தார்.

“வருஷா வருஷம் இப்படித்தாங்க எடுக்குறது. வாசல்ல நிப்பேன். அழுதுட்டு வந்தா கிடைக்கல, சிரிச்சுட்டு வந்தா கிடைச்சிருச்சு. உங்க பொண்ணு மாதிரி அன்னிக்கு யாருமே சிரிக்கலீங்க.”

“வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சிட்டு விளக்கம் வேறயா? நான் தாங்கிக்குவேன். இடம் கிடைக்காத புள்ளைய அந்த வாசல்லயே நிக்கவெச்சு ஊருக்கே காட்டிட்டீங்களே, அந்தப் பிஞ்சு மனசு என்ன பாடுபடும்?”

அன்று பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று அவள் அழுதது யாருக்குத் தெரியும்? அட்டைக்கு வேண்டாமென்று அவளை வெட்டியிருந்தார்கள். கண்ணைத் துடைத்த கைக்குட்டையின் நுனி மட்டும் ஓரத்தில் மிஞ்சியிருந்தது.

அடுத்த இதழின் அட்டையிலேயே வருத்தம் தெரிவிப்பதாக ஆசிரியர் சொன்னார். அவளுக்கு ஆறவில்லை. குருவியையோ நாயையோ பார்த்துப் பிள்ளை சிரித்திருக்கும். அதைப் போய் இப்படியா!

வீட்டில் விட ஆளில்லாமல் மகளையும் கூட்டி வந்திருந்தாள். அது நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு தன் படத்தையே ரசித்துக்கொண்டிருந்தது.

“நீயே சொல்லுடி கண்ணு. அன்னிக்கு எதைப் பாத்துச் சிரிச்ச?”

கேட்ட கேள்விக்கு முதல்முறையாகப் பட்டென்று பதில் வந்தது.

“நீதானம்மா சொன்ன, இங்க இடம் இல்லையாம், இனிமே வரவே வேணாம்னு.”