கோப்பைக்குள் கை

கோல்ஃப் பரிசளிப்பு விழா தொடங்கும் நேரம் பார்த்து, வெள்ளிக் கோப்பையின் உட்பக்கத்தைத் துடைக்கப் போன சாம்பியனின் கை அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

உடை மாற்றும் அறையில், சோப்பு நுரை வழிய வழிய, மனைவி கோப்பையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, மெதுவா! மணிக்கட்டே கழண்டுடும்!"

"நேத்தே துடைச்சு வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

யாரோ கதவைத் தட்டினார்கள். "ரெண்டு பேரையும் மேடைக்குக் கூப்பிடுறாங்க!"

கோப்பை இல்லாமல் போகவும் முடியாது, கோப்பையோடு போகவும் கூசியது. தலைவிதியே என்று மேடை ஏறினார்.

ஒலிபெருக்கி முழங்கியது: "வழக்கப்படி, போன வருஷ சாம்பியன் இந்த வருஷ சாம்பியன்கிட்ட கோப்பையை ஒப்படைப்பார்!"

மனைவி கை நீட்டினாள். அவள் இழுத்த இழுப்பில் கோப்பையோடு அவரும் சேர்ந்தே வந்தார்.

கூட்டத்தில் ஒரு குரல்: "கட்டின பெண்டாட்டிக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறாரே மனுஷன்!"