கட்டார் மணிக்கூடு

“ரூபி, நீங்க என்ட ஒன்லைன் கணக்குக்குள்ள தேடினதெல்லாம் அழியாம அப்படியே நிக்கும், தெரியுமா?”

ரிப்கா இதைக் கேட்டபோது ஜெயரூபி குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்தாள்.

“நிக்குமோ?”

“நிக்கும். எனக்கு அத அழிக்கத் தெரியாது. மகளிட்டக் குடுத்து அழிக்கவும் ஏலாது. நீங்களே எல்லாத்தையும் அழிச்சிடுங்க. ஒண்டையும் பாக்காம அழிச்சிடுங்க.”

சொல்லிவிட்டு, ஜெயரூபியின் முகத்தைப் பார்க்காமலே ரிப்கா தன் மேசைக்குப் போய்விட்டாள்.

துறைமுகத்தடிக் கந்தோரில் பன்னிரண்டு வருசமாக அவர்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு மட்டும் ஒன்லைன் கடையொன்றில் பாதி விலை விற்பனை தொடங்க இருந்தது. ஜெயரூபி உறுப்பினர் இல்லை. போன வருசம் உறுப்பினராகச் சேர்ந்த ரிப்காதான் திங்கட்கிழமை தன் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்து, “வேண்டியதை முன்னமே கூடைக்குள்ள போட்டு வைங்க, பன்னிரண்டு அடிச்சதும் அமத்துங்க, பிந்தினா ஒண்டும் மிஞ்சாது” என்று பாடமும் எடுத்தாள்.

அப்படிக் கொடுத்த மகராசியின் கணக்குக்குள் போய் ஜெயரூபி என்ன தேடினாள்? ரிப்காவின் மகள் ஷாமிலாவின் கலியாணத்துக்குப் பரிசு தேடினாள். அதில் பிழையில்லை. குசினி அடுப்படியில் நின்றபடி கைபேசிக்கு வாயால் சொல்லித் தேடிய விதத்தில்தான் பிழை: “மூவாயிரத்துக்குள்ள கலியாணப் பரிசு, பாத்தா விலை கூடின சாமான் மாதிரி இருக்கோணும்.”

ஒருமுறை அல்ல, மூன்று நாளாக. கடைசியில் பொன் விளிம்பு போட்ட கோப்பைகள் ஆறு கூடைக்குள் ஏறின. விளிம்பு இரண்டு கழுவலுக்குத் தாங்காது என்று வாங்கியவர்கள் எழுதியிருந்ததையும் வாசித்துவிட்டுத்தான் ஏற்றினாள்.

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். ஜெயரூபி வீட்டைக் கட்டிப் பார்த்ததில் கை வறண்டு போயிருந்தாள். சும்மா ஒரு சின்னச் சாமானைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றால், வீட்டு விறாந்தைச் சுவரில் அந்த மணிக்கூடு தொங்கியது.

போன வருசம் வீடு குடிபுகுந்த அன்று ரிப்கா கொண்டுவந்தது. பொன்னிறச் சட்டம், கண்ணாடிக்குள் ஆடும் ஊசல். ரிப்காவின் கணவர் முனாப் அப்போது, தான் வேலை செய்யும் கட்டார் நாட்டிலிருந்து லீவில் வந்திருந்தபடியால், மணிக்கூடும் அவரோடு விமானத்தில் வந்திருக்கும் என்று வீடே முடிவு கட்டியது. ரிப்கா சிரித்துக்கொண்டு நின்றாள். அன்று முதல் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அது ‘கட்டார் மணிக்கூடு’. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பிந்தும்தான். அதற்கு யார் என்ன செய்ய? “அதுக்கு இன்னும் கட்டார் ஞாபகம் போகேல்லை” என்று ஜெயரூபியின் புருசன் ரிஷிகேசன் பகிடி விடுவான். கலியாணக் கதை வந்ததும் பகிடியை விட்டுவிட்டு, அந்த மணிக்கூட்டுக்குக் கீழான பரிசோடு போனால் மரியாதையில்லை என்று சொல்லிவிட்டான்.

இப்போது மரியாதை நன்றாகத்தான் இருந்தது. ரிப்கா பார்த்திருக்கிறாள். பார்க்காவிட்டால் இன்றைக்கு ஏன் இந்தக் கதை? மணப்பெண் பார்த்தால் மனம் நோவாள் என்றுதானே மகளிடம் கொடுக்க ஏலாது என்கிறாள்? ஜெயரூபிக்குக் காது மடல்வரை சுட்டது. ரிப்கா இரண்டு வார்த்தை ஏசியிருந்தாலும் பரவாயில்லை. இப்படி முகம் பாராமல் மன்னித்துவிட்டுப் போனதுதான் தாங்க முடியவில்லை. யன்னலுக்கு வெளியே, இந்த ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்கள் இரண்டு யாரோ எறிந்த சாப்பாட்டுத் தாளை மென்றுகொண்டிருந்தன. அவற்றின் முகத்தைப் பார்க்கவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு மனம் பொறுக்காமல் எழுந்து போனாள்.

“ரிப்கா, குறை நினைக்காதீங்கோ. வீட்டுச் செலவில கை கொஞ்சம்...”

“விடுங்க ரூபி.” ரிப்கா கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கை இறுகினா யாரும் அப்படித்தான். அழிச்சிட்டீங்களா?”

“இல்லை, இப்ப அழிக்கிறன்.”

“பாக்காம.”

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தபோது ஜெயரூபிக்குக் கண் கலங்கியது. திரும்பி வந்து முதல் வேலையாகக் கூடையிலிருந்த கோப்பைகளைத் தூக்கி எறிந்தாள். காதில் கிடப்பதை அடகு வைத்தாவது ஷாமிலாவுக்கு உருப்படியாக ஒன்று வாங்குவது என்று முடிவு செய்துகொண்டாள். பிறகு பழைய தேடல்களைத் திறந்தாள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்கும் பொத்தானை, அந்தக் கடைக்காரன் புண்ணியவான், பட்டியலின் அடியில் கொண்டுபோய் வைத்திருந்தான். பார்க்காமல் எப்படிப் போவது? விரலால் தள்ளத் தள்ள, அவளுடைய மானங்கெட்ட தேடல்கள் வரிசையாக மேலே போயின. பின்னால் ஷாமிலாவின் கலியாணச் சேலைகள் போயின, பிள்ளைகளின் சப்பாத்துகள் போயின, நோன்புக்கு வாங்கிய பேரீச்சம்பழம் போனது.

பொத்தானுக்கு நேர் மேலே, கடைசி வரியாக, ஜெயரூபி வீடு குடிபுகுந்த கிழமையின் திகதியோடு ரிப்காவின் தேடல் ஒன்று நின்றது: “மூவாயிரத்துக்குள்ள சுவர் மணிக்கூடு, பாத்தா கட்டார்ச் சாமான் மாதிரி இருக்கணும்.”