செண்பகத்தின் அப்பா வந்தாரா?

“கடைசியில அப்பா திரும்பி வந்துட்டாருன்னு சொல்லிடுங்க சார்.”

பள்ளி வாசலில் வரவேற்க வந்த சிறுமி வணக்கம்கூட வைக்காமல், எடுத்த எடுப்பில் இப்படிச் சொன்னாள். ஐந்தாம் வகுப்பு, பெயர் பூர்ணிமா.

எழுத்தாளர் விஜயராகவனுக்குச் சுருக்கென்றது. கடலூரிலிருந்து பஸ் பிடித்து, நெல்லித்தோப்புச் சந்துகளில் வழி கேட்டு அலைந்து வந்திருந்தார். அந்த வகுப்பின் லினெட் டீச்சர் போன் மேல் போன் போட்டு அழைத்திருந்தார். தன் புகழ் புதுச்சேரி வரை பரவிவிட்டதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தார். அந்த மாதிரி நினைப்பு மனிதருக்குக் கொஞ்சம் அதிகம்.

“என் கதையில அப்பா வர மாட்டாரேம்மா.”

“தெரியும் சார். நான் படிச்சிட்டேன். கடைசி ரெண்டு பக்கத்தையும் நாந்தான் கிழிச்சேன்.”

விஜயராகவன் நின்றுவிட்டார். கப்பலேறிப் போன அப்பாவுக்காகச் செண்பகம் என்ற சிறுமி கடற்கரையில் காத்திருக்கும் கதை அது. இனி அவர் வரமாட்டார் என்று கடைசியில் அவளுக்கே புரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவாள். முடிவை மாற்றச் சொல்லிப் பதிப்பாளர் கெஞ்சியும் அவர் மசியவில்லை. பரிசு வாங்கிக் கொடுத்ததே அந்த முடிவுதான்.

“எதுக்குக் கிழிச்ச?”

“டீச்சர் தெனம் கடைசி பீரியட்ல ஒரு அத்தியாயம் படிப்பாங்க. எங்க கிளாஸ்ல ஒரு ஆளுக்கு நெசமாவே இப்படித்தான் சார். பிரான்ஸுக்குப் போனவரு வரவே இல்ல. இந்த முடிவக் கேட்டா உடைஞ்சி போயிடுவாங்க. வேற புக்கு வாங்கலாம்னா எங்கயும் ஸ்டாக் இல்லியாம். அதான் டீச்சர் உங்களையே கூப்ட்டுட்டாங்க.”

புகழின் லட்சணம் இவ்வளவுதானா என்று அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“யாரு அந்த ஆளு?”

“சொல்லக் கூடாதுன்னு கிளாஸே சத்தியம் பண்ணியிருக்கோம்.”

“அதுக்காக என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?”

“உங்க கதைதான சார்? நீங்களே சொன்னா அது எப்படிப் பொய்யாவும்?”

விஜயராகவன் அவள் பின்னால் நடந்தார்.

வகுப்பில் பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொண்டே விஜயராகவன் ஒவ்வொரு முகமாகத் தேடினார். முன்வரிசையில் ஒரு ரெட்டைச் சடைக்காரி நகத்தைக் கடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள்தான், சந்தேகமே இல்லை.

எல்லாக் கேள்விகளும் முடிந்த பிறகு, ஓரமாக நின்றிருந்த லினெட் டீச்சர் கையைத் தூக்கினார்.

“சார், செண்பகத்தோட அப்பா வந்தாரா, இல்லியா? அது தெரியாம பிள்ளைங்க தவிச்சிப் போயிட்டாங்க.”

பதிப்பாளருக்கு மசியாத மனிதர், அந்த ரெட்டைச் சடையைப் பார்த்தார்.

“வந்தாரு!” என்றார். “ரொம்ப லேட்டாத்தான் வந்தாரு. எல்லாரும் இனிமே எங்க வரப்போறாருன்னு கைவிட்டுட்டாங்க. செண்பகம் மட்டும் விடல. அவ காத்திருந்தது வீண் போகல.”

பிள்ளைகள் கைதட்டிய தட்டலில் கூரை அதிர்ந்தது. பூர்ணிமா எல்லோரையும்விட ஓங்கித் தட்டினாள். எந்த மேடையிலும் கிடைக்காத நிறைவு அவருக்கு அன்று கிடைத்தது. டீயும் பிஸ்கட்டும்கூட ருசித்தன.

வழியனுப்ப லினெட் டீச்சர் வாசல் வரை வந்தார். விஜயராகவனுக்கு ஆவல் தாங்கவில்லை.

“அந்த ரெட்டைச் சடைப் பொண்ணோட அப்பா பிரான்ஸ்லயா இருக்காரு?”

“அவளோட அப்பாவா?” டீச்சர் சிரித்துவிட்டார். “இங்க மார்க்கெட்லதான் கறிக்கடை வச்சிருக்காரு சார். என் கிளாஸ்ல யாரோட அப்பாவும் வெளிநாட்டுல இல்லியே.”

விஜயராகவன் விழித்தார். டீச்சர் சற்றுத் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சார். எனக்கு நிச்சயம் பண்ணிட்டு பாரீஸுக்குப் போன ரெக்ஸு, அஞ்சு வருஷமா ஒரு போன்கூடப் பண்ணல. அம்மா வேற இடம் பாத்துட்டாங்க, நல்ல மனுஷங்க, சாயந்திரம் பொண்ணு பாக்க வர்றதா இருந்தாங்க. நானும் சரின்னுதான் சொல்லியிருந்தேன். நீங்க டீ குடிக்கிறப்பதான், வர வேணாம்னு போன் பண்ணிச் சொல்லிட்டேன்.”