ஒரு பிடி களாப்பழம்

வடிவு சிரிப்பதற்கு விலை ஒரு பிடி களாப்பழம். அதையும் அவள் புருஷன் அருஞ்சுனை அண்ணாச்சி காசு கொடுத்து வாங்கியதில்லை; இருபது வருஷமாகக் கொசுறுதான். அவருடைய ஊறுகாய்க் கடைக்குக் காய்தான் வேண்டும். கரட்டுப் பாறையில் கறுத்துக் கனிந்தது யாவாரத்துக்கு ஆகாது. காய் பறித்து வரும் ஒச்சம்மாவிடம் அதைச் சட்டைப்பையில் வாங்கிக்கொண்டு, கறையோடு வீடு போவார். சட்டைக்காகத் திட்டிக்கொண்டே வடிவு தின்பாள். பழத்தின் பால் பிசுபிசுத்து உதடு ஒட்டியதும், "போங்க, இனித் திட்டவும் முடியாது" என்று சிரிப்பாள்.

சித்திரையில் வடிவு இறந்துபோனாள். ஒச்சம்மாவின் கரட்டு ஊருக்குச் சேதி எட்டவில்லை.

ஆனியில் ஒச்சம்மா கூடையை இறக்கி, படி அறுபது என்றாள்.

"பாறையில சும்மா மொளைச்சதுக்கா? நீயா தண்ணி ஊத்துன?"

"முள்ளு குத்துனது என்னையத்தான, அண்ணாச்சி!"

ஐம்பதில் படிந்தது. பேரம் முடிந்த கையோடு, பழக்க தோஷத்தில் அவர் சட்டைப்பையை விரித்துவிட்டார். ஒச்சம்மா ஒரு பிடி போட்டாள். எப்படியும் இன்னும் கேட்பார் என்று அடுத்த பிடியையும் அள்ளிக்கொண்டாள்.

"மதினிக்குப் போதுமா?"

"போதும்."

இருபது வருஷத்தில் அவர் வாயில் வராத சொல். அள்ளிய கை அந்தரத்தில் நிற்க, ஒச்சம்மா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எப்ப, அண்ணாச்சி?"

அவர் நோட்டை எண்ணி அவள் கூடையில் வைத்தார். வெள்ளைச் சட்டையில் கறை பரவத் தொடங்கியிருந்தது.

"நாலு படி, இருநூறு. கணக்கு நேராயிட்டு, பாத்துக்கோ."